பேஸ் கேட்கிறதா?

ஹிஞ்சேவாடி மென்பொருள் பூங்காவில் பணிபுரியும் தமிழ்ப் பொறியாளர் ஒருவர், தம் இசைக்குழுவின் ஒத்திகைகளை மூன்றாண்டுகளாகக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறார். நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள். பாடகியின் குரல் கேட்கிறது. கிட்டார் கேட்கிறது. ட்ரம்ஸ் தேவைக்கு மேலேயே கேட்கிறது. பாட்டின் நடுவே யாரோ தேநீருக்குத் தலை எண்ணுவதுகூடத் தெளிவாகப் பதிந்திருக்கிறது. கேட்காதது ஒன்றுதான்: அவர் வாசித்த பேஸ் கிட்டார். அவர் அந்த அறையில் இருந்தார் என்பதற்கு அப்பதிவுகளில் எஞ்சியிருக்கும் ஒரே சான்று, ஒவ்வொரு பாட்டும் முடிந்தவுடன் அவர் கேட்கும் கேள்வி: "பேஸ் கேட்டதா?" அதற்கு வரும் விடையும் மாறுவதில்லை: "கேட்டது, கேட்டது."

இக்கேள்விக்குப் பின்னால் ஒரு கருவியின் வரலாறும், ஒலியியலின் சில எளிய விதிகளும், ஒரு புதுநகரத்தின் சமூக அமைப்பும் இருக்கின்றன. அமெச்சூர் இசை பற்றிய ஆய்வுகளில் பாடுவோரும் கிட்டார் வாசிப்போரும் அடிக்கடி இடம்பெறுகிறார்கள். மேடையின் பின்வரிசையில் நிற்பவரைத் தொடங்குபுள்ளியாகக் கொண்டால் வேறு சில செய்திகள் புலப்படும்.

முதலில் கருவி. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி, தளர்த்தாமல் மீட்டினால், நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தடித்த தந்தி 82 முறை அதிர்கிறது. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். கைப்பேசியின் உள்ளங்கை ஸ்பீக்கரால் அவ்வளவு நீண்ட அலையை எழுப்ப இயலாது. காற்றிரைச்சலைத் தவிர்ப்பதற்காகக் கைப்பேசிகள் பதியும்போதே தாழ்ந்த அதிர்வெண்களைப் பெருமளவு வெட்டிவிடுவதும் உண்டு. நல்ல வேளையாக மனித மூளை, அடிப்படைச் சுரம் காணாமற்போனாலும் அதன் மேற்சுரங்களைக் கொண்டு அதை ஊகித்துக்கொள்ளும். ட்ரம்ஸும் கிட்டாரும் அந்த மேற்சுரங்களையும் மூடிவிட்டால், ஊகிப்பதற்கும் ஒன்றும் எஞ்சாது.

இந்தக் கருவி பிறந்ததே 'கேட்கவில்லை' என்ற குறையிலிருந்துதான். ஆளுயர டபுள் பேஸ், பித்தளைக் கருவிகளும் ட்ரம்ஸும் நிறைந்த நடனக் குழுக்களில் எடுபடவில்லை. அதைத் தூக்கிச் செல்வதும் பெரும்பாடு. சியாட்டில் நகரின் பால் டட்மார்க் 1930களில் மின்சார பேஸ் ஒன்றை உருவாக்கினார், ஆனால் அது பரவவில்லை. 1951இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபென்டர் வெளிக்கொணர்ந்த 'பிரிசிஷன் பேஸ்' பரவியது. அதன் கழுத்தில் மெட்டுக் கம்பிகள் பதித்திருந்தமையால் சுரம் பிசகாது என்பதே அப்பெயரின் பொருள். 34 அங்குலத் தந்தி நீளம் கொண்ட அந்த வடிவமே இன்றளவும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவுகோல்.

கருவி பரவியபின்பும் அதை விரும்பி ஏற்போர் குறைவு. பீட்டில்ஸ் குழுவில் ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் 1961இல் விலகியபோது, வேறு எவரும் முன்வராமையால் பால் மெக்கார்ட்னி பேஸை ஏற்றுக்கொண்டார். ஹம்பர்க் நகரில் அவர் வாங்கிய வயலின் வடிவ ஹோஃப்னர், இடக்கைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தோன்றாது என்பதும் அத்தேர்வுக்கு ஒரு காரணம். உலகின் மிகப் புகழ்பெற்ற குழுவிலேயே பேஸ் என்பது எஞ்சிய வேலையாகத்தான் ஒருவர் கைக்கு வந்தது. அமெச்சூர் குழுக்களில் இன்றும் நடைமுறை அதுவே. மூன்று கிட்டார் கலைஞர்கள் கூடினால், அவர்களுள் வாசிப்பில் சற்றுப் பின்தங்கியவர் பேஸுக்கு அனுப்பப்படுகிறார்.

ஹிஞ்சேவாடிப் பொறியாளர் அவ்வாறு அனுப்பப்பட்டவர் அல்லர். பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயத்தின் இளைஞர் பாடகர் குழுவில் பன்னிரண்டு வயதில் சேர்ந்தார். ஆர்கன் வாசித்த அண்ணன் ஒருவர், "தம்பி, உனக்கு விரல் நீளம்" என்று சொல்லி சபையின் பழைய பேஸ் கிட்டாரை அவர் தோளில் மாட்டிவிட்டார். சனிக்கிழமை மாலை பாடல் பயிற்சி, ஞாயிறு காலை ஆராதனை. பாமாலைப் பாடல்களின் நான்கு குரல் இசையமைப்பில் அடிக்குரல் எங்கே நகர்கிறது என்பதை அங்கேதான் கற்றார். வீட்டில் வானொலியில் ஒலித்த இளையராஜா பாடல்களில், பாட்டுக்கு அடியில் தனிப்பாட்டாகவே ஓடும் இன்னொரு கோட்டைப் பின்தொடரவும் அந்தப் பயிற்சியே உதவியது. அக்குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் பெயர் பெரும்பாலான நேயர்களுக்குத் தெரியாது. தமிழகத்துக் காதுகளுக்கோ அந்த ஒலி நன்றாகத் தெரியும்.

புனேக்கு வந்தபின் அவர் சேர்ந்த முதல் குழு ஏழு மாதங்களில் கலைந்தது. இரண்டாவது, ஒரு மேடைகூட ஏறாமல் கலைந்தது. மூன்றாவது, பெயர் என்ன வைப்பது என்ற சர்ச்சையில் கலைந்தது. நான்காவது குழு மூன்றாண்டுகள் நீடித்தது. திருச்சூரிலிருந்து வந்த ட்ரம்மர், குவாஹாட்டியின் கிட்டார்க்காரர், நாக்பூரின் பாடகி, கீபோர்டு வாசிக்கும் உள்ளூர் மராத்தி இளைஞர், இவர் என ஐவர். பொதுமொழி இந்தி. பொதுவான பாட்டு என்று எதுவும் இல்லை.

ஒத்திகை, வாகடில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஓர் அறையில் நடந்தது. நீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர். இந்த அளவு ஒலியியல்படி ஒரு பொறி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பாதி அலைநீளம் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறை தானே முழங்கத் தொடங்கும். 4.2 மீட்டர் அறைக்கு அது ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், அதாவது பேஸின் தடித்த தந்தியின் சுரம். அத்தகைய நிலையலையில் சுவரோரங்களில் ஒலியழுத்தம் மிக அதிகமாகவும், நீளவாக்கில் அறையின் நடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். ட்ரம்ஸ் வழக்கம்போல் மூலையில். இடமில்லாமையால் பேஸ் வாசிப்பவர் நடுவில். ஆகவே ட்ரம்மரின் செவி அதிரும்போது, வாசித்தவர் காதில் ஒன்றுமே விழாது. அவர் ஒலியைக் கூட்டுவார். அதைக் கேட்டுக் கிட்டார்க்காரர் தம் ஒலியைக் கூட்டுவார். ட்ரம்மருக்கு ஒலிக்குமிழ் கிடையாது, எனவே ஓங்கி அடிப்பார். இருபது நிமிடத்தில் பாடகி கையால் சைகை காட்டி வெளியே செல்வார். ஒவ்வொரு ஒத்திகையும் ஏறத்தாழ இவ்வாறே நடந்தது. இரண்டடி தள்ளி நின்றிருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும் என்பதை அவர் மிகப் பின்னரே அறிந்தார்.

அதுவரை அவர் நம்பியது கருவிகளை. தம்மிடம் உள்ள ஆம்ப் சிறியது என்பது அவருடைய முதல் முடிவு. இந்த முடிவு முழுப்பிழையும் அன்று. தாழ்ந்த சுரங்களுக்கு மனிதச் செவி மந்தமானது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933இலேயே அளந்து காட்டினர். நடுத்தரச் சுரம் ஒன்றுக்கு இணையாக ஒரு தாழ்சுரம் கேட்க வேண்டுமாயின் பன்மடங்கு ஆற்றல் தேவை. மேலும், ஆற்றலை இரட்டித்தால் கிடைப்பது மூன்று டெசிபல் மட்டுமே. ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். 40 வாட் ஆம்பை 80 வாட்டாக மாற்றியவர் பணத்தை இரட்டித்தார், ஒலியையல்ல. 1969இல் அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் வால்வு ஆம்ப் ஒன்றை வெளியிட்டதும், அதற்கு எட்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டி துணைசேர்ந்ததும், அப்பெட்டிக்கு இசைக்கலைஞர் நடுவே 'ஃப்ரிட்ஜ்' என்ற பெயர் வந்ததும் இந்தக் கணக்கின் விளைவுகளே.

அவர் வாங்கினார். முதலில் 40 வாட், பின்பு 100, பின்பு இரண்டு கிலோவுக்கும் குறைவான எடையில் 300 வாட் தரும் புதுவகை ஆம்ப். ஒலியை இறுக்கிச் சமப்படுத்தும் கம்ப்ரசர் பெடல், ஒலிக்குச் சற்றுக் கரகரப்பூட்டும் பெடல், சுருதி பார்க்கும் பெடல், அவற்றுக்கெல்லாம் மின்சாரம் தரும் பெட்டி, அவற்றை அடுக்கும் பலகை. நான்கு தந்தி போதாதென்று ஐந்து தந்தி பேஸ் ஒன்று, அதன் தடித்த தந்தி 31 ஹெர்ட்ஸ். அவருடைய ஸ்பீக்கர் அந்தச் சுரத்தின் அடிப்படையை எழுப்பவே இல்லை என்பது வேறு. இறக்குமதிப் பொருள் எனில் சுங்கமும் வரியும் சேர்ந்து விலை ஏறும். பயன்படுத்திய பொருள் எனில் விற்பவரின் நாணயத்தை நம்ப வேண்டும். இரவு இரண்டு மணிவரை பெடல் ஒப்பீட்டுக் காணொளிகள் பார்ப்பது வழக்கமாயிற்று. அக்காணொளிகளை அவர் பார்த்தது காதில் பொருத்தும் சிறு இயர்ஃபோனில்.

கருவியைப் பேணுவதும் ஒரு வேலை. புனேயின் வறண்ட கோடையில் ஒருபுறமும் ஈரமான மழைக்காலத்தில் மறுபுறமும் மரக்கழுத்து வளையும். ஆண்டுக்கு இருமுறை அதன் உள்ளிருக்கும் இரும்புத் தண்டை ஆலன் சாவியால் கால் சுற்று திருப்ப வேண்டும். 'ஆக்டிவ்' வகைக் கருவிக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி, எப்போதும் மேடையில்தான் சாகும். எர்த்திங் சரியில்லாத கட்டடங்களில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ரீங்காரமாக நுழையும். பேஸின் இசைத்தளத்தில் 50 ஹெர்ட்ஸ் என்பது 49இல் இருக்கும் சுரத்துக்கும் 52க்கு அருகே இருக்கும் அடுத்த அரைச்சுரத்துக்கும் நடுவில் விழுகிறது. கட்டடமும் குழுவோடு சேர்ந்து வாசிக்கிறது, அதுவும் சுருதி தப்பி. இத்தனையையும் தோளில் மாட்டிக்கொண்டு, மழையில், ஹிஞ்சேவாடி சிவாஜி சௌக்கின் நெரிசலில், சிவாஜிநகருக்குச் செல்லும் மெட்ரோ பாதையின் தூண்களுக்கிடையே இருசக்கர வண்டியில் ஊர்ந்து செல்ல வேண்டும். நாலடி நீளக் கருவியின் தலை, ஹெல்மெட்டுக்கு மேல் நீண்டு, தாழ்ந்த கிளைகளையெல்லாம் தொட்டுச் செல்லும்.

வீட்டில் வாசிக்கலாமே என்பது இயல்பான கேள்வி. வாசித்தார். மூன்றாம் வாரம் கீழ்த்தளத்து மராத்தி மூதாட்டி மாடியேறி வந்தார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'ஆஜி'. சத்தம் கேட்பதாக அவர் சொல்லவில்லை. அடுக்கிலிருக்கும் எவர்சில்வர் தட்டுகள் தாமே நடுங்குகின்றன என்றார். பொறியாளர் கைப்பேசியில் ஒலியளவைக் காட்டினார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரையறுக்கின்றன. கருவி காட்டியது அதற்கும் குறைவு. இருவர் கூற்றும் மெய். அந்த விதிகள் 'ஏ' எனப்படும் எடையிட்ட அளவையைப் பயன்படுத்துகின்றன. மனிதச் செவியின் மந்தத்தைப் பின்பற்றும் அந்த அளவை, 40 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து ஏறத்தாழ 35 டெசிபலைக் கழித்துவிடும். சுவரும் தளமும் உயர்ந்த சுரங்களைத் தடுத்துத் தாழ்ந்தவற்றை உள்ளே விடும். சட்டத்தின் செவிக்கு எட்டாதது ஆஜியின் தட்டுகளுக்கு எட்டியது. அவர் மன்னிப்புக் கேட்டு ஹெட்ஃபோனுக்கு மாறினார். மூன்றாண்டுகளில் அவருடைய பேஸை ஐயத்துக்கிடமின்றி உணர்ந்தவர் அந்த மூதாட்டி ஒருவரே என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

அமெச்சூர் குழுவின் உண்மையான இடர்ப்பாடு இவை எவற்றிலும் இல்லை. அது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஐவர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் ஐந்து ஒத்திகைகளில் நான்குக்கு வருகிறார் எனக் கொள்வோம். அலுவலகம் நடத்துவோர் இதை நல்ல வருகை என்பர். ஒருவர் வராமைக்கும் மற்றவர் வராமைக்கும் தொடர்பில்லை எனில், ஐவரும் ஒருங்கே வரும் வாய்ப்பு 0.8இன் ஐந்தாம் அடுக்கு. ஏறத்தாழ 0.33. மூன்று ஒத்திகைக்கு ஒன்றுதான் நிறைவாக நடக்கும். ஹிஞ்சேவாடியில் அந்த எண்ணும் கிட்டாது. மாதக் கடைசியில் மென்பொருள் வெளியீடு, அமெரிக்க நேரத்தில் அழைப்பு, பெங்களூருக்கு இடமாற்றம், வெளிநாட்டுப் பணி. மழை பெய்தால் வாகடிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருப்பவரும் வர இயலாது. வந்தவர்களோ, வராதவருக்காகச் சென்ற வாரப் பாட்டையே மீண்டும் தொடங்குவர். குழு மூன்றாண்டுகளில் முழுமையாகக் கற்ற பாடல்கள் ஒன்பது. அவற்றில் தமிழ்ப் பாட்டு ஒன்று. அதையும் நிகழ்ச்சிக்கு முன்தினம் பட்டியலிலிருந்து நீக்கினர்.

அமெச்சூர் கலையைச் சமூகவியல் வெகுகாலம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்திருந்தது. அதை மாற்றியவர்களுள் ஒருவர் ராபர்ட் ஸ்டெபின்ஸ். திறன், விடாமுயற்சி, நெடுநாள் பயிற்சி ஆகியவற்றைக் கோரும் ஓய்வுநேர ஈடுபாட்டுக்கு 'தீவிர ஓய்வு' என்ற பொருள்பட 1982இல் அவர் ஒரு பெயர் தந்தார். அவரே டபுள் பேஸ் வாசிப்பவர் என்பது இங்கே பொருத்தமான செய்தி. இன்னொருவர் மானிடவியலாளர் ரூத் ஃபினெகன். 1967இல் இங்கிலாந்தில் புதுநகராக அறிவிக்கப்பட்ட மில்டன் கீன்ஸில் 1980களின் தொடக்கத்தில் அவர் மேற்கொண்ட ஆய்வு, 'மறைந்திருக்கும் இசைஞர்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் 1989இல் நூலாயிற்று. பண்பாடற்ற காங்கிரீட் நகரம் என்று பிறர் நினைத்த இடத்தில், பாடகர் குழு, பித்தளை வாத்தியக் குழு, நாட்டார் இசை, ராக் என எத்தனையோ இசைவழிகள் இயங்குவதை அவர் காட்டினார். தேவாலயமும் பள்ளியும் மதுவிடுதியும் அவ்வழிகளைத் தாங்கி நின்றன. இசை தானாக நிகழ்வதில்லை, யாரோ நாற்காலி போடுகிறார்கள், யாரோ சாவி வைத்திருக்கிறார்கள், யாரோ நாள் குறிக்கிறார்கள் என்பதே அந்நூல் ஆய்வாளருக்கு விட்டுச்செல்லும் பாடம்.

ஹிஞ்சேவாடியும் ஒரு தலைமுறைக்குள் வயலும் சிற்றூருமாக இருந்து எழுந்த நகரம். இங்கே சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், மூன்று வேறு அமைப்புகளோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

ஒன்று, அவர் வளர்ந்த தேவாலயப் பாடகர் குழு. அதைக் காப்பது நாட்காட்டி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரும். நன்றாக வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஆராதனை நடக்கும், அடுத்த வாரமும் நடக்கும். இரண்டு, தமிழகத்தின் மெல்லிசைக் குழு. கோயில் கொடையிலும் திருமண மேடையிலும் வாசிப்போர் தொழில்முறையாளர்கள். அவர்களைக் காப்பது கூலி. வராதவர் இடத்துக்கு இன்னொருவர் வருவார், ஏனெனில் வருவதற்குக் காசு உண்டு. மூன்று, புனேக்கே உரிய டோல்–தாஷா குழுக்கள். விநாயகர் விழாவுக்குப் பல வாரங்கள் முன்பே மாலைதோறும் முட்டா ஆற்றங்கரையிலும் திறந்தவெளிகளிலும் பயிற்சி தொடங்கிவிடும். மாணவர், வங்கி ஊழியர், மென்பொருள் பொறியாளர், ஆண், பெண் என எல்லோரும் உண்டு. தாஷா நடையை முன்னெடுக்க, டோல்கள் ஒன்றாக இறங்கும். இவர்களைக் காப்பது எண்ணிக்கை. நூறு பேரில் இருபதுபேர் வராவிட்டாலும் எண்பது டோல் முழங்கும். ஒருவர் பிசகினால் மற்றவர் ஒலி அவரைத் திருத்திவிடும்.

ஐவர் இசைக்குழுவுக்கு நாட்காட்டி இல்லை, கூலி இல்லை, எண்ணிக்கையும் இல்லை. அதைத் தாங்குவது நட்பு மட்டுமே. நட்போ, வருகைப் பதிவேடு கேட்டால் முறிந்துவிடும் பொருள். கருவி மீதான பசியை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வராத ட்ரம்மரை வரவழைக்க வழியில்லை. பெடலை மூன்று நாளில் வரவழைக்கலாம். ஒத்திகை நடக்காத வாரங்களில்தான் அவர் அதிகம் வாங்கினார் என்பதை அவருடைய வங்கிக் கணக்கே காட்டியது. பிறரோடு மட்டுமே செய்ய இயலும் ஒன்றைத் தனியாகச் செய்ய முயல்பவர், கடைசியில் பொருள் வாங்குகிறார்.

விநாயகரைக் கரைக்கும் நாளில் அவருடைய தெருவழியே ஒரு டோல்–தாஷா குழு சென்றது. சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஆஜியின் தட்டுகளும் நிச்சயம் நடுங்கியிருக்கும். ஆஜி வாசலில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார். தாழ்ந்த சுரத்தின்மீது அவருக்கு எந்தப் பகையும் இல்லை. அதற்கு ஒரு நாளும் ஒரு காரணமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இவ்வொலியை மாலை ஒன்பது மணிக்கு மூடிய அறையில் தனியாக எழுப்பியவருக்கு அவ்விரண்டும் இல்லை.

இனி, அவருக்கே புரிந்த கடைசிச் செய்தி. குழு ஏறிய மேடைகளில் பெரியது ஒரு நிறுவனத்தின் ஆண்டுவிழா. பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தனர். அதுவும் உரைகள் நீண்டதால் எட்டாயிற்று. 300 வாட் ஆம்பை அவர் சுமந்து சென்றிருந்தார். மேடை ஒலியைக் கவனித்தவர் அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லி, ஒரு சிறு டிஐ பெட்டி வழியாக பேஸை நேரடியாக மிக்ஸரில் இணைத்துவிட்டார். மேடையில் அவருக்கு வழக்கம்போல் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கியதும் நண்பர்களிடம் வழக்கமான கேள்வி. வழக்கமான விடை.

மறுவாரம் மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவு ஒரு பென் டிரைவில் வந்தது. அதில் பேஸ் தனித் தடமாக, தெள்ளத் தெளிவாக இருந்தது. மூன்றாண்டுகளில் முதன்முறையாக அவர் தம்மைக் கேட்டார். சுரங்கள் சரி. ஒலியும் நன்று. ஆனால் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் அவர் ட்ரம்ஸுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். பொறியாளர் ஆதலால் இரு தடங்களையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார். பல இடங்களில் அவருடைய தந்தி, ட்ரம்மரின் காலடிக்கு முப்பது மில்லி விநாடி முன்பே ஒலித்திருந்தது. சிறு அளவுதான். ஆனால் பேஸும் ட்ரம்ஸும் ஒரே கணத்தில் விழுவதே ஒரு பாட்டின் தரை. தரை இரண்டாகப் பிளந்திருந்தால், மேலே நிற்பவர்களுக்குக் காரணம் தெரியாமல் கால் தடுமாறும். பாடகி ஏன் எப்போதும் அவசரமாகப் பாடுவதுபோல் தோன்றியது என்பதற்கு அங்கே விடை இருந்தது.

ட்ரம்மர் அதற்குள் நெதர்லாந்து சென்றுவிட்டார். அவரை அழைத்துச் சொன்னபோது, மறுமுனையில் சற்று நேரம் அமைதி. பின்பு, தமக்கு அது தெரியும் என்றார் அவர். இவரை எட்டிப்பிடிக்கவே தாம் ஓங்கி அடித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு வந்த விடை எளியது: "நீ ஒவ்வொரு முறையும் ஆம்பைப் பற்றியே வருத்தப்பட்டாய். அதற்குமேல் இதையும் சொல்ல மனம் வரவில்லை."

நட்பால் மட்டும் நிற்கும் குழுவின் பலவீனம் இந்த ஒரு வாக்கியத்தில் முழுமையாக இருக்கிறது. தேவாலயத்தில் ஆர்கன் அண்ணன் பாட்டை நிறுத்தி, "தம்பி, ஓடாதே" என்று சொல்லியிருப்பார். மெல்லிசைக் குழுவில் நடத்துநர் அதைவிடக் கடுமையாகச் சொல்லியிருப்பார். டோல் வரிசையில் இருபுறமும் நிற்பவர் ஒலியே சொல்லியிருக்கும். ஐவர் குழுவில் பிழையைச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. பண்பு அதைத் தடுக்கிறது. கேட்டவரோ "பேஸ் கேட்டதா?" என்றுதான் கேட்டார், "சரியாக வாசித்தேனா?" என்று கேட்கவில்லை.

மோட்டவுன் இசைப்பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சனிடம் 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ் ஒன்று இருந்தது. தந்தி அறுந்தாலொழிய அவர் அதை மாற்றுவதில்லை. வலக்கையில் மீட்டியது பெரும்பாலும் ஒரே விரல். உலகமே ஆடிய பாடல்களில் பல ஆண்டுகள் அவர் பெயர் உறையில் அச்சாகவில்லை. 1971இல் மார்வின் கே வெளியிட்ட இசைத்தட்டில்தான் அது இடம்பெற்றது. கருவி முக்கியமில்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெயரற்ற ஆண்டுகளில் ஜாமர்சனுக்கு இருந்தது, நாள்தோறும் அதே அறையில் அதே ட்ரம்மர்களோடு அமரும் வாய்ப்பு. ஹிஞ்சேவாடியில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காத கருவி அது ஒன்றுதான்.

நான்காவது குழு கலைந்துவிட்டது. சண்டை எதுவும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துகள் மட்டும் வருகின்றன. ஐந்து தந்தி பேஸையும் பெரிய ஆம்பையும் பெடல் பலகையையும் புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் ஒருவருக்கு அவர் விற்றுவிட்டார். விற்கும்போது, அறையின் நடுவில் நிற்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அப்பாடா, இனிமே வீட்ல நடக்க இடமிருக்கும்லா" என்றார் அம்மா.

நான்கு தந்தி பேஸும் ஒரு மெட்ரோனோமும் எஞ்சியிருக்கின்றன. இப்போது புதன்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்கு, வாகடின் அதே அறையில், வேறொரு ட்ரம்மரோடு ஒரு மணி நேரம். பாட்டு எதுவும் வாசிப்பதில்லை. ஒரே நடையை, ஒரே வேகத்தில், இருவரும் ஒன்றாக விழும்வரை வாசிக்கிறார்கள். யார் பிசகினாலும் மற்றவர் நிறுத்திச் சொல்ல வேண்டும் என்பது முதல்நாளே பேசி வைத்த நிபந்தனை. அவர் சுவரோரம் நிற்கிறார். சென்ற புதன்கிழமை மழை. ட்ரம்மர் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்குரிய வாடகையைக் கொடுத்துவிட்டு, மெட்ரோனோமோடு தனியே வாசித்துவிட்டு வந்தார்.